இடது கதவில் ஓட்டை

— விடுக்கா. அலமாரிதானே? அந்தப் பங்களா முழுக்க அலமாரிதான்.

— அலமாரிதானேவா? வீட்டைச் சுத்திப் பார்க்க வர்றவங்க முதல்ல கேக்கறதே அதைத்தான். பெரிய ஐயா துப்பாக்கி துடைக்கறப்போ தவறி வெடிச்சு, குண்டு துளைச்சுக்கிட்டுப் போன அலமாரி. கேக்குதா? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அதைத் துடைக்கறேன். ஓட்டை வலது கதவுல. நேத்துக் காலையில துணியை எடுத்துக்கிட்டுப் போறேன், இடது கதவுல இருக்கு.

— கால் வலிச்சிருக்கும். இடம் மாறி உக்காந்திருக்கும்.

— சிரிக்காதே. கதவைத் திறந்து மோந்து பார்த்தேன். பழைய மரத்து வாசனையே இல்ல. புது வார்னிஷ். உன் பட்டறையில அடிக்குதே, இதே நாத்தம்.

— எல்லாப் பட்டறையிலயும் ஒரே நாத்தம்தான்க்கா. அது சரி, இதை நீ எதுக்கு ஐயாகிட்டப் போய் சொன்னே? அந்த மனுஷன் பொண்டாட்டி மூஞ்சியையே நிமிர்ந்து பார்க்கமாட்டாரு. அலமாரியையா பார்க்கப் போறாரு?

— ஒரு சாமான் போச்சுன்னா சொல்றதுதானே என் வேலை. சொன்னேன். பூட்டு உடையல, சாவி உன்கிட்டத்தானே இருக்குன்னு கேட்டாரு. கொத்துச் சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதே இல்ல. தூங்கறப்பவும் இடுப்புலதான். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள யாருன்னு சொல்லு, இல்லேன்னா போலீஸ்னுட்டாரு. எனக்குப் புருஷன்னு உங்க மாமா மட்டும் இல்லேன்னா நேத்தே என்னைத் தெருவுல தள்ளியிருப்பாங்க. இப்பவும் எனக்காக அங்க நின்னு கெஞ்சிக்கிட்டிருக்காரு.

— மாமாவா?

— பின்னே, நீயா?

— சரி, காவக்காரன் பேரைச் சொல்லிடு. குடிகாரப் பய. நம்பிடுவாங்க.

— அவனுக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாது. அவன் அலமாரி செஞ்சானா? இந்தா, என் போனைப் பாரு.

— உன் படம். போன் வாங்கின புதுசுல அலமாரி முன்னாடி நின்னு நீயே எடுத்தது. நல்லாத்தான் இருக்கே.

— மச்சம் எந்தக் கன்னத்துல இருக்கு?

— வலது கன்னத்துல.

— படத்தை விடு. என்னை நிமிர்ந்து பாரு.

— இடது.

— ஓட்டை?

— செல்ஃபி அப்படித்தான்க்கா. வலத்தை இடமாக் காட்டும்.

— எனக்கு நேத்துதான் தெரியும். அலமாரி செஞ்சவனுக்கும் தெரியல. அசலை நேர்ல பார்க்காம, இந்தப் படத்தை வச்சே செஞ்சிருக்கான். இது ரெண்டே ரெண்டு போன்லதான் இருக்கு. கேக்குதா?

— அக்கா...

— "உன் வீட்டுக்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றேன்க்கா, படம் எடுத்து அனுப்பு, அளவைச் சொல்லு"ன்னே. ஸ்டூல் போட்டு ஏறி அளந்து சொன்னேன். உன் அலமாரி வரும்னு ஒரு மூலையைக் காலி பண்ணி வச்சிருக்கேன்டா, பாவி. இன்னைக்குக் காலையிலகூட அதைப் பெருக்கினேன்.

— உன்னை மாட்டிவிடணும்னு நெனைக்கலக்கா. சத்தியமா. யாருக்கும் தெரியாதுன்னுதான்... இருட்டு வேற. போர்வையைச் சுத்தித் தூக்கினோம். ஓட்டையை யாரு கவனிச்சா?

— தூக்கினோமா? இன்னொருத்தன் யாரு?

— விடுக்கா. நான் மட்டும்னே வச்சுக்க. நானே வந்து சொல்லிடறேன்.

— நீ ஒருத்தன் தூக்கற சாமானா அது? பேரைச் சொல்லு. எவனா இருந்தாலும் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் ஐயா முன்னாடி நிறுத்தறேன். செய்யாத தப்புக்கு உங்க மாமா கண்டவன் கால்ல விழுந்துக்கிட்டிருக்காரு. கேக்குதா?

— கேக்குது. தூங்கறப்பவும் சாவி உன் இடுப்புலதானேக்கா இருக்கும்? உன் பக்கத்துல படுக்கறது நானா?