சீவியின் கடைசிப் பக்கம்

"ஹலோ... ஹலோ, அடைக்கலநாதன் சேரோ? நான் கஜந்தினி சேர்... ஓம், ஓம், கோப்பாய் பஞ்சலிங்கத்தின்ரை மகள்தான்... சுகமாயிருக்கிறன் சேர். சேர், ஒரு கம்பனியிலையிருந்து உங்களுக்கு ஒரு கோல் வரும். நான் சீவியிலை உங்கடை பேரை..."

கஜந்தினி யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். இது அவள் வேலை தேடி அனுப்பிய பதினாறாவது சீவி, அதாவது சுயவிவரம். நேர்முகம் முடிந்து இரண்டு பேர்தான் மிச்சம், அதில் அவளும் ஒருத்தி. கடைசிப் பக்கத்தில் தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பெரிய மனிதரின் பெயரும் நம்பரும் போட வேண்டும். ஊரில் எல்லாரும் செய்வதுபோல அவளும், தனக்குப் படிப்பித்த இந்தச் சேரின் பெயர் உட்பட, இரண்டையும் கேளாமலே போட்டிருந்தாள்.

"வந்திட்டுதோ? எப்ப சேர்?... காலமையோ... ஆர், ஒரு அம்மா கதைச்சவவோ... 'பிள்ளை எப்பிடி' எண்டு... ஓம்... நீங்கள் என்ன சொன்னனியள்?... நல்ல குடும்பம்... சரி சேர்... நாலு பேருக்கு முன்னாலை வாய் திறவாது எண்டோ?"

வேலையே நாள் முழுக்க வாடிக்கையாளரோடு கதைக்கிற வேலை.

"இல்லை, சொல்லுங்கோ... ஓம், நல்லாச் சமைப்பன்... அதை அவ கேட்டவவோ, நீங்களாச் சொன்னியளோ?... சரி... கனகாலம் நிப்பாவோ எண்டு கேட்டவவோ? அதுக்கு?... ம்... ம்... வெளிநாடெண்டாலும் நாளைக்கே வெளிக்கிடும்... வேலையை விடச் சொன்னால் மறுபேச்சில்லாமல் விட்டிடும்... ஐயோ சேர்."

...

"மாப்பிள்ளையோ? மாப்பிள்ளை ஒருத்தருமில்லை சேர். அவை வேலைக்குத்தான் விசாரிச்சவை... ஓம்... ஓம், பொம்பிளைப் பிள்ளையை விசாரிச்சால் கலியாணம் எண்டுதானே நினைப்பியள். விளங்குது சேர்."

பாவம், மனிதர் தன் மகளுக்குச் சொல்வதுபோல மனம் நிறைந்துதான் சொல்லியிருக்கிறார். கோபித்துக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லை.

"வேண்டாம் சேர், நீங்கள் திருப்பி எடுக்காதேங்கோ. நான் சொல்லித்தந்து மாத்திக் கதைக்கிறியள் எண்டெல்லோ நினைப்பினம்... இல்லை, இல்லை, பிழை என்னிலைதான். முதலே உங்களிட்டைக் கேட்டுப்போட்டு எழுதியிருக்க வேணும்... சேர், அழாதேங்கோ. எனக்கு வேறை வேலை கிடைக்கும்..."

கிடைக்கும் என்று அவளே நம்பவில்லை.

"மற்ற ஆளோ? ஓம், ரெண்டு பேரைப் போட்டனான்... அவரிட்டையும் கேக்கேல்லை... அருளம்பலம் ஐயா... ஓம் சேர், அவர்தான். கலியாணப் பதிவுகாரர்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது.

"சேர்... நான் வைக்கிறன்."

உடனே அருளம்பலத்தின் நம்பரை அழுத்தினாள். லைன் கிடைக்கவில்லை; அவர் ஏற்கெனவே யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார்.