ஓரத்தை உள்ளே சொருகி

பெரியவள்: முனையைப் பிடிடி. எங்க பாக்குற?

சின்னவள்: எங்கயும் பாக்கல. பிடிச்சுட்டேன்.

பெரியவள்: இழு... இன்னும் கொஞ்சம். இந்தப் போர்வை காயவே இல்ல.

சின்னவள்: மெஷின் சரியா சுத்தலக்கா. காலையில இருந்து முனகிக்கிட்டே இருக்கு.

பெரியவள்: என்னை மாதிரி.

சின்னவள்: ... நீங்க வீட்டுக்குப் போயிருக்கலாம். சூப்பர்வைசரே சொன்னாரு, அரை நாள் எடுத்துக்கங்கன்னு.

பெரியவள்: போயி? நம்மளக் கட்டுன அண்ணனும் தம்பியும் வாசல்லயே உக்காந்திருப்பாங்க. உன் வீட்டுக்காரன் போன் பண்ணானா?

சின்னவள்: பண்ணாரு.

பெரியவள்: என்னவாம் என் கொழுந்தனுக்கு?

சின்னவள்: எவ அந்தக் கருங்காலின்னு விசாரிச்சுச் சொல்லணுமாம். அண்ணி சங்கத் தேர்தல்ல ஒரு ஓட்டுல தோத்துருக்காங்க, உனக்குச் சோறு இறங்குதான்னு கேக்குறாரு.

பெரியவள்: இறங்குச்சா?

சின்னவள்: ... இன்னும் சாப்பிடல.

பெரியவள்: பத்து ஓட்டுல தோத்திருந்தா நிம்மதி. எதிர்ல நின்ன பையனுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினெட்டு. ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் உங்களுக்குத்தான் போட்டேன், நான் உங்களுக்குத்தான் போட்டேன்னு... எண்ணிப் பாத்தா இருபத்தஞ்சு பேர் ஆச்சு.

சின்னவள்: நல்ல கணக்கு.

பெரியவள்: நீ மட்டும்தான் வந்து சொல்லல.

சின்னவள்: நான் எதுக்குச் சொல்லணும்? ஒரே வீட்டுல ரெண்டு மருமக. ஒரே துணியில ரெண்டு முனை. பதினோரு வருஷமா...

பெரியவள்: சரி சரி. மடி. ஓரத்தை உள்ள சொருகு.

சின்னவள்: வேண்டாமாம். ஆஸ்பத்திரி வார்டுல இருந்து திரும்பவும் புகார் வந்துருக்கு. எல்லாரும் நாலா மடிக்கிறாங்க, நீங்க ரெண்டு பேரும் ஏன் மூணா மடிச்சு ஓரத்தை உள்ள சொருகுறீங்க, அவசரத்துக்குப் பிரிக்க வரலன்னு.

பெரியவள்: தூக்கிட்டுப் போறப்ப அவிழாதுல்ல.

சின்னவள்: அதைத்தான் நானும் சொன்னேன். கை பழகிடுச்சு சார், இனிமே மாறாதுன்னு.

பெரியவள்: நான் பழக்குன கை... அடுத்தது எடு.

சின்னவள்: அக்கா, உங்களுக்கு வருத்தமா?

பெரியவள்: அலுப்பா இருக்கு. ஒரு மாசமா நான் ஒரு வார்த்தை பேசல தெரியுமா. எல்லாரும் எனக்காகப் பேசுனாங்க. இந்தச் சலவைக்கூடத்துல முக்காவாசி பொம்பளைங்க, சங்கச் செயலாளர் மட்டும் எப்பவும் ஆம்பளையா, இந்தத் தடவை நம்ம அக்கான்னு ஒருத்தி. நம்ம ஜனத்துல ஒருத்தர் உக்காரட்டும்னு லாரி டிரைவர். இஸ்திரிக்காரி இருக்காளே, அவ என்ன சொன்னா தெரியுமா?

சின்னவள்: என்ன?

பெரியவள்: உன்னப் பாத்தா எங்க அம்மா ஞாபகம் வருது, அதனால உனக்குத்தான்னா.

சின்னவள்: அவ அம்மாவோட அவளுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாதே.

பெரியவள்: அதான் எனக்கும் பயமா போச்சு.

சின்னவள்: அந்தப் பக்கம் மட்டும் என்ன. வண்டி தள்ளுறவங்க ஏழு பேரும், அவன் எங்க ஆளு, எங்க நிறம், எங்க பாஷைன்னு கண்ணை மூடிக்கிட்டுக் குத்துனாங்க. ரெண்டு மூணு பேரு, சின்னப் பையன், சுறுசுறுப்பா இருப்பான்னு...

பெரியவள்: இருபத்துநாலு வயசு. மீசை இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கு.

சின்னவள்: சிரிக்க வைக்காதீங்க, துணி நழுவுது.

பெரியவள்: அவன் பேசுனதுல உனக்கு ஏதாவது புரிஞ்சுதா? எனக்குப் பாதி புரியல.

சின்னவள்: ... ஊசின்னு சொன்னது புரிஞ்சுது.

பெரியவள்: ம்.

சின்னவள்: வார்டுல இருந்து வர்ற அழுக்கு மூட்டையில ஒரு ஊசி இருந்தாலும் நம்ம அதைப் பிரிக்கக் கூடாது, அப்படியே திருப்பி அனுப்பணும், அவங்க பொறுக்கிட்டுத் தரட்டும்னான். அது ஒண்ணுதான் சொன்னான். நோட்டீஸ்லயும் அந்த ஒரு வரிதான்.

பெரியவள்: என் நோட்டீஸ்ல என் போட்டோதான் இருந்துச்சு.

சின்னவள்: போட்டோ நல்லா இருந்துச்சுக்கா.

பெரியவள்: பத்து வருஷத்துக்கு முந்தி எடுத்தது... ஊசி குத்துன விரல் எப்படி இருக்கு?

சின்னவள்: விரலுக்கு என்ன. அன்னைக்கே ஆறிடுச்சு.

பெரியவள்: கடைசி ரத்தப் பரிசோதனை எப்ப?

சின்னவள்: வர்ற வியாழக்கிழமை. முதல் ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல. இதுலயும் இல்லேன்னா விட்டுச்சு.

பெரியவள்: அவன்கிட்ட சொன்னியா?

சின்னவள்: உங்க கொழுந்தன்கிட்டயா? சொன்னா ஊரைக் கூட்டிருவாரு. மூணு மாசமா பிள்ளைங்க குடிச்ச டம்ளரைக்கூட நான் தொடல, வாயெல்லாம் புண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். அதுனால பரவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மனசு கேக்கணுமே. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பெரியவள்: தெரியும்... தெரிஞ்சும்தான்டி அந்த ஊசியப் பத்தி நான் பேசல.

சின்னவள்: நானே கேக்கணும்னு இருந்தேன். கேக்க வாய் வரல.

பெரியவள்: நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டாரு. நீங்க வந்தா நல்லது, ஆபீஸ்ல எல்லாருக்கும் சந்தோஷம், முதல் பெண் செயலாளர்னு போட்டோ எடுத்து மாட்டலாம், இந்த ஊசி விவகாரத்தை மட்டும் கிளப்பாதீங்க, வார்டுக்காரங்களோட மனஸ்தாபம் வரும்னாரு.

சின்னவள்: நீங்க என்ன சொன்னீங்க?

பெரியவள்: தலையாட்டினேன். வெளிய வந்து பாத்தா நீ அந்த மூட்டைய ஒரு குச்சியால கிண்டிக்கிட்டு நிக்கிற. எனக்கு உடம்பு கூசிப் போச்சு. ஆனா அதுக்குள்ள அண்ணனும் தம்பியும் மாலைக்குச் சொல்லிட்டாங்க.

சின்னவள்: அந்த மாலை இப்ப எங்க?

பெரியவள்: கேட்டுல தொங்குது. நீ பேச்சை மாத்தாத.

சின்னவள்: நான் எங்க மாத்துறேன்...

பெரியவள்: சீட்டு எண்ணும்போது தேர்தல்ல நிக்கிற ரெண்டு பேரும் பக்கத்துல உக்காரணும்ல, உக்காந்தேன். ஒவ்வொண்ணா பிரிச்சாங்க. எல்லாம் நாலா மடிச்ச சீட்டு. சிலது சுருட்டி வச்சது. நடுவுல ஒண்ணு பிரிய மாட்டேங்குது. சூப்பர்வைசர் நகத்தால நோண்டுறாரு.

சின்னவள்: அடுத்த துணிய எடுக்கட்டுமா?

பெரியவள்: மூணா மடிச்சு, ஓரத்தை உள்ள சொருகியிருக்கு.

சின்னவள்: அக்கா.

பெரியவள்: பிரிச்சா அவன் பேருக்கு நேரா டிக்.

சின்னவள்: ... கை பாட்டுக்கு மடிச்சிருக்கு. நான் பாக்கவே இல்ல.

பெரியவள்: தெரியும்.

சின்னவள்: உங்களை வேண்டாம்னு போடலக்கா. சத்தியமா இல்ல. அந்தப் பையன் யாரு, என்ன ஜனம், எனக்கு ஒண்ணும் தெரியாது. பேனாவை எடுத்தேன், உங்க படத்தைத்தான் பாத்தேன். ஆனா இந்த விரல்லதான் பேனா பிடிச்சிருந்தேன். அந்த ஒரு வரிக்குப் போட்டுட்டேன்.

பெரியவள்: அழாத. மேல சிந்தப் போவுது, அப்புறம் திரும்பத் துவைக்கணும்.

சின்னவள்: காலையில இருந்து உங்க முகத்தைப் பாக்க முடியல. ஒரே ஓட்டு. என் ஓட்டு மட்டும் மாறி விழுந்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க. வீட்டுல தெரிஞ்சா...

பெரியவள்: யாரு சொல்லப் போறா?

சின்னவள்: சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சிருக்காது?

பெரியவள்: அவருக்குப் போர்வை வேற படுதா வேறன்னே தெரியாது.

சின்னவள்: உங்களுக்குக் கோவம் இல்லையா? திட்டுங்கக்கா. திட்டுனாலாவது தேவல.

பெரியவள்: எனக்குத் திட்ட வாய் இல்லடி. நான் ஜெயிச்சிருந்தா வியாழக்கிழமை உன் கூட ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்துக்கிட்டு, ஊசியப் பத்திப் பேசாத செயலாளரா உக்காந்திருப்பேன். அதை நினைச்சாதான் கசக்குது.

சின்னவள்: ஆனாலும் என் ஒரு ஓட்டால...

பெரியவள்: உன் ஓட்டு மட்டும்னு எவ சொன்னா?

சின்னவள்: நீங்கதானே சொன்னீங்க, பத்தொன்பது, பதினெட்டுன்னு.

பெரியவள்: பிரிய மாட்டேன்னு நின்ன சீட்டு நடுவுல ஒண்ணு வந்துச்சுன்னு சொன்னேன். கடைசியில இன்னொண்ணும் வந்துச்சு. அதுவும் அவன் குவியலுக்குத்தான் போச்சு.

சின்னவள்: அதே மடிப்பா? ஓரம் உள்ள சொருகியா? இங்க அப்படி மடிக்கிறது நாம ரெண்டு பேர்தானேக்கா...

பெரியவள்: ஆமா, ரெண்டே பேர்தான். என் கையும் பாத்து மடிக்கல. முனையைப் பிடி, இன்னும் நாப்பது இருக்கு.