போதுமான நெருக்கடி

முதுகு வலிக்காத நாற்காலி கிடைப்பது என் வயதில் பெரிய விஷயம். உங்களுடையது பரவாயில்லை. பல்கலைக்கழகத்தில் எனக்குக் கொடுத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதற்கடியில் ஒரு ஆய்விதழை மடித்து வைத்துத்தான் இத்தனை வருடம் உட்கார்ந்து எழுதினேன். என் கட்டுரையைத் திருப்பியனுப்பிய இதழ் அது. அதனால் அதை மிதிக்க எனக்கு வருத்தமே இருந்ததில்லை.

தணிக்கை என்றால் என்னவென்று தெரியாது என்றீர்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு நிறுவனம் தன் வரவு செலவை எழுதுகிறது. வெளியிலிருந்து ஆடிட்டர் வந்து பார்த்து, இதெல்லாம் உண்மைதான் என்று கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஊரார் அதில் பணம் போடுகிறார்கள். இளம் வயதில் நானும் அந்த வேலைதான் பார்த்தேன். ஒரு சிமெண்ட் ஆலையின் கணக்கில், பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். ஆலை மூழ்கியது. அங்கே உழைத்தவர்களின் ஓய்வுகாலப் பணமும் அதோடு போயிற்று. என் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் மறுபடி படித்து, முனைவர் பட்டம் வாங்கி, தணிக்கைத் துறைப் பேராசிரியர் ஆனேன்.

என் ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிவந்தேன். நேர்மையான ஆடிட்டர் என்று உலகத்தில் யாரும் கிடையாது. போதுமான நெருக்கடி இன்னும் வந்து சேராதவர்கள்தான் இருக்கிறார்கள். இதை நிரூபிக்க மாணவர்களை உட்காரவைத்து, கற்பனையாக ஒரு நிறுவனம், கற்பனையாக ஒரு மிரட்டல் என்று எழுதிக் கொடுத்து, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். அதை வைத்து எழுதிய கட்டுரைகளை நல்ல இதழ்கள் எதுவும் சீந்தவில்லை. காகிதத்தில் மிரட்டினால் காகிதத்தில்தான் பயப்படுவார்கள், நிஜ மனிதனைக் காட்டுங்கள் என்று மதிப்பீட்டாளர்கள் எழுதினார்கள். ஒரு மாநாட்டில் நான் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் எவனோ, "சார் அரைச்ச மாவையே அரைக்கிறார்" என்றான். சிரிப்பு முன்வரிசை வரைக்கும் வந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். கோபத்தை மென்று விழுங்குவது எனக்குப் பழக்கம்.

என் மருமகனும் ஆடிட்டர்தான். மகள் அவளாகத் தேடிக்கொண்ட பையன். அலுவலகத்தில் அவனுக்கு 'முள்ளு' என்று பட்டப்பெயர். தராசு முள் என்று அவன் அம்மா பெருமைப்படுவார். தொண்டையில் சிக்கிய முள் என்பது அவன் மேலதிகாரிகளின் விளக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ சிமெண்ட் ஆலைக்கு வந்தது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா," என்றான். "நான் போட்டிருக்க மாட்டேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுத் தண்ணீர் ஜாடியை என் பக்கம் நகர்த்தி வைத்தான். என் மகள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சொல்ல வேண்டும். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான். ஒரு நாளும் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த மாதமே என் பழைய மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். மருந்துக் கம்பெனி ஒன்றில் நிதிப் பிரிவுக்குத் தலைவன். கிடங்கில் இல்லாத மருந்தையெல்லாம் இருப்பதாகக் கணக்கில் காட்டியிருந்தார்கள். தணிக்கைக்கு வந்திருந்தவன் என் மருமகன்.

"சார், மனுஷன் கல்லு மாதிரி நிக்கிறார். நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா கேக்க மாட்டான்," என்றேன். "நெருக்கணும். எப்படின்னு நான் சொல்லித் தரேன்."

நிஜ மனிதனைக் காட்டு என்று என்னைக் கேட்டவர்கள் அந்த மதிப்பீட்டாளர்கள்தானே.

படிப்படியாகப் போக வேண்டும் என்று விளக்கினேன். முதலில், தணிக்கையை வேறு அலுவலகத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனி மிரட்டியது. கூட வேலை பார்ப்பவர்கள் அவனோடு சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அவன் அசையவில்லை. பிறகு, அவன் லஞ்சம் கேட்டான் என்று ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. எழுதியது நான். என் எழுத்திலேயே தெளிவானது அதுதான் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டால் புகார் மறைந்துவிடும் என்று சாடையாகச் சொல்லி, அவன் அலுவலகத்தில் அவனை இடைநீக்கம் செய்தார்கள். அதற்கும் அசையவில்லை.

மூன்றாவது படி அவன் அம்மா. சம்பந்தியம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். செலவெல்லாம் மகனுடைய அலுவலகக் காப்பீடு. விசாரணையில் இருப்பவரின் காப்பீட்டை நிறுத்திவைக்கலாம் என்று அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. யாரும் தூசி தட்டிப் பார்க்காத விதி. அதைத் தேடியெடுத்து, மாணவன் மூலமாக அவர்கள் காதில் போட்டேன்.

மகள் அடிக்கடி வந்து அழுவாள். "யாரோ அவரைக் குறிவச்சு அடிக்கிறாங்கப்பா."

தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, கை நடுங்குகிறதா என்று விசாரிப்பேன். பாசத்தில் கேட்கிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாள். அவள் படியிறங்கிப் போனதும் குறித்துவைப்பேன்.

ஒரு நாள் வாய்விட்டே கேட்டாள். "அத்தையோட ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் குடுங்கப்பா. எப்படியாவது திருப்பிக் குடுத்துடறோம்."

என்னிடம் பணம் இருந்தது. ஆனால் பாதியில் வெளியுதவி நுழைந்தால் ஆய்வே கெட்டுவிடும். ஆராய்ச்சி செய்யாதவர்களுக்கு இது கல்நெஞ்சம் மாதிரித் தெரியலாம்.

"கையில இல்லம்மா," என்றேன். "அந்தக் கையெழுத்தைப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும். உன் புருஷன்கிட்ட சொல்லிப் பாரு."

"நான் சொல்ல மாட்டேன்ப்பா."

காரை விற்றார்கள். அந்தப் பணமும் கரைந்தது. அரசு மருத்துவமனையில் இடத்துக்குக் காத்திருந்தார்கள். இதற்கிடையில் சம்பந்தியம்மா, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று மகனிடம் பொய் சொல்லி, டயாலிசிஸுக்குப் போவதைத் தானாகவே குறைத்துக்கொண்டார். கடைசியில் மூச்சு முட்டிப் படுக்கையில் விழுந்தபோது நான் பார்க்கப் போனேன். முகம் வீங்கி, கண் இடுங்கிக் கிடந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"சம்பந்தி, அவன் வந்து, 'போட்டுடட்டுமாம்மா'ன்னு கேட்டான். 'என் பேரைச் சொல்லிப் போடாதடா'ன்னுட்டேன்." மூச்சு வாங்கியது. அதற்கு நடுவிலும் சிரித்தார். "என்னை வச்சு அவனை மடக்கப் பாக்கறான் எவனோ. எவன் பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

நான் அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

மருமகன் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறான் அல்லவா? கேட்டான் என்றால் மனதுக்குள் போட்டுவிட்டான் என்றுதானே அர்த்தம்? ஆகவே கட்டுரையில், மூன்றாம் கட்டத்தில் அவர் கையெழுத்திட்டார் என்று எழுதினேன். இதழ் உடனே ஏற்றுக்கொண்டது. இத்துறையில் இதுவரை காணாத கள ஆதாரம் என்று மதிப்பீட்டாளர் பாராட்டியிருந்தார். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க விரும்பவில்லை.

அச்சான பிறகு மகள் அதைப் படித்திருக்கிறாள். கையில் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள்.

"யாருப்பா இந்த ஆடிட்டர்?"

"ஆய்வில் கலந்துகிட்டவர்."

"சிறுநீரகம் போன இந்த அம்மா?"

கட்டுரையை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"அவங்க செத்த அன்னைக்குக்கூட அவர் போடல. இன்னைக்கு வரைக்கும் போடல. அவரையும் உங்கள மாதிரி ஆக்கி எழுதிட்டீங்களேப்பா."

அவளும் குரலை உயர்த்தவில்லை. அது என்னிடமிருந்து போன குணம். நேரே உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். திட்டம் என்னுடையது. மொட்டைக் கடிதம் என்னுடையது. காப்பீட்டை நிறுத்தவைத்தது நான். டயாலிசிஸ் நின்றால் அந்த அம்மா பிழைக்க மாட்டார் என்பது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். என் மகளிடம் டாக்டர் சொன்னதை மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் கோட்பாடு தவறு என்று மட்டும் எழுதாதீர்கள். அவனுக்கு வந்த நெருக்கடி போதவில்லை, அவ்வளவுதான். எனக்கு வந்த மாதிரி அவனுக்கு வந்திருக்க வேண்டும்.

எனக்கு என்ன வந்தது என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. இத்தனை வருடத்தில் ஒரு மதிப்பீட்டாளருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. இல்லை, யாரும் மிரட்டவில்லை. வீட்டில் நோயாளி யாரும் கிடையாது. வேலை போகும் என்றும் சொல்லவில்லை. சிமெண்ட் ஆலையில் ஒரு மதியம். அறையிலிருந்தவர்கள் சாப்பிடக் கிளம்பி, எனக்காக வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். பெரிய ஆடிட்டர் தன் பேனாவை மூடி கழற்றி என் கையில் கொடுத்து, "சட்டுனு போட்டுட்டு வாப்பா, பசிக்குது" என்றார். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவு நெருக்கடியை எந்த மனிதனால் தாங்க முடியும், சொல்லுங்கள்.