ஸ்பானிய மொழியில் ‘ரொம்ப’ வலிக்கிறது

மின்விசிறி சுற்றாத இந்த மண்டபத்தில், பொன்னாடையின் புழுக்கத்தையும் பொறுத்துக்கொண்டு வீற்றிருக்கும் தலைவர், மண்ணூர் வரதராஜுலு அவர்களே! உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! முதல் ஷிப்ட் முடித்து, முகம்கூடக் கழுவாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் மாணவச் செல்வங்களே! இருங்காட்டுக்கோட்டை ஆலைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் ஸ்பானிய மொழி நடத்தும் சங்கரநாராயணன், கம்மிய குரலோடு உங்களைக் கைகூப்புகிறேன்.

சோர்ந்துபோயிருக்கிறேன் ஐயா. ஓராண்டாக ஒரே பாடம். நமக்கு ‘ரொம்ப’ என்று ஒரே சொல். ஸ்பானிய மொழிக்கோ இரண்டு. குணத்தைச் சொன்னால் ‘முய்’: ரொம்பப் பெரிது, முய் கிராந்தே. செயலைச் சொன்னால் ‘முச்சோ’: ரொம்ப உழைக்கிறேன், திரபாஹோ முச்சோ. நம் மாணவன் வசந்த் இரண்டையும் சேர்த்து ‘முய் முச்சோ’ என்பான். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், எனக்குத்தான் தெம்பில்லை.

“கேக்கல சார், இன்னா சொல்றீங்கோ?” என்கிறார் பின்வரிசை நண்பர். சொல்கிறேன். இலக்கணப் பிழையைத் திருத்திவிடலாம் நண்பரே. இந்தப் பிள்ளைகளின் பழக்கத்தைத் திருத்துவது எப்படி? சூப்பர்வைசர் ரொம்ப நல்லவர்! மேனேஜர் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு ரொம்பப் பிரமாதம்! அடுத்தவருக்கு அள்ளி அள்ளிக் கொடுக்கும் இந்த ‘ரொம்ப’, தன் உடம்புக்கு என்று வரும்போது மட்டும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண் இசக்கிசெல்வி. அவள் நின்று வேலை பார்க்கும் லைனில் புது மேசை போட ஸ்பெயினிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருக்கிறார். மேசையின் உயரம் அவள் கைக்குச் சரிதானா என்று பார்க்க, “தே துவேலே?”, வலிக்கிறதா என்று அவளிடமே கேட்டார். நம் பெண் என்ன சொன்னாள்? “ஊன் போக்கோ.” கொஞ்சம்! சரியான ஸ்பானியம்; சுத்தமான பொய். மறுநாள் அவளால் தட்டைத் தூக்க முடியவில்லை. அறைத்தோழி முத்துச்செல்விதான் சோறு ஊட்டியிருக்கிறாள்.

ஏனம்மா அப்படிச் சொன்னாய் என்றேன். “வலின்னு சொன்னா ஊருக்கு அனுப்பிருவாவ சார். எல்லாரும் லேசாத்தான்னு தான் சொல்லுவோம்” என்றாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அந்தப் பொறியாளர் கடைசியாக ஒருமுறை கேட்பார். அதன்பிறகு அதே உயரத்தில் மேசையைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். அப்புறம் யார் கேட்பார்? யாரிடம் சொல்வாய்?

இசக்கி, எழுந்திரு. தரையைப் பார்க்காதே, இங்கே பார். தே துவேலே?

என்ன, லேசாத்தானா? இல்லையம்மா. உள்ளபடி சொல்.

...கேட்டீர்களா? “மே துவேலே முச்சோ.” எனக்கு ரொம்ப வலிக்கிறது!

கைதட்டாதீர்கள் ஐயா, பிள்ளை அழுகிறாள். தாய்மார்களே, யாராவது அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். திங்கட்கிழமையும் இதையே சொல் இசக்கி, ஓர் எழுத்தும் குறைக்காதே. நானும் வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன்.

களைப்போடு வந்து காதுகொடுத்த எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். வணக்கம்.