இரண்டு அலாரங்கள்

ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்வது எனக்குப் பிடிக்காது ஐயா. மச்சானிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். வென்டிலேட்டருக்கு மென்பொருள் எழுதும் எங்கள் குழுவின் தலைவர். அதன் உள்ளே ஓடும் கெர்னலை, அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் மூல மென்பொருளைத் தொகுப்பது என் வேலை. ஒரு சின்ன நிரல்துண்டை ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவதற்குப் பதில், கூப்பிடுகிற இடத்திலேயே அப்படியே பதித்துவிடலாம். இன்லைன் என்போம். வேகம் கூடும். எதைப் பதிப்பது என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே முடிவு செய்யட்டும் என விடலாம்; எல்லாவற்றையும் பதி என்று கட்டாயப்படுத்தவும் அமைப்பு உண்டு. மச்சான் கட்டாயப்படுத்தச் சொன்னார்.

பதிக்கப் பதிக்க, ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகத்தில் அதிக இடம் பிடிக்கும். கெர்னலில் அந்த இடம் கையளவுதான். இரண்டு அலாரம் ஒன்றாக வந்தால் வழிந்துவிடும், இயந்திரம் உறைந்துவிடும் என்றேன்.

"ரெண்டும் எப்படி மாப்ள ஒண்ணா வரும்? நீயா கிளப்பி விட்டாத்தான் உண்டு," என்றார். குழுவே சிரித்தது. அவர் சொன்னபடியே தொகுத்துக் கொடுத்தேன்.

வீட்டிலும் அதே பேச்சு. "உங்க சண்டையில என் தலைய ஏன் உருட்டுறீங்க?" என்பாள் மனைவி.

பிறகு அவளுக்கு நிமோனியா வந்து, ஐ.சி.யு.வில் சேர்த்தோம். தேறிவிட்டாள், தொண்டைக்குள் விட்டிருக்கும் சுவாசக் குழாயை நாளை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். கட்டிலருகே நின்றது எங்கள் வென்டிலேட்டர். திரையின் மூலையில் மென்பொருளின் பதிப்பு எண்ணைப் பார்த்தேன். நான் தொகுத்ததுதான். கேட்டிருந்தால் நர்ஸ் வேறொன்று மாற்றித் தந்திருப்பார்.

"பாத்தியா மாப்ள, நம்ம மெஷினு கல்லு மாதிரி நிக்குது," என்று சொல்லிவிட்டு மச்சான் காபி வாங்கப் போனார்.

அவள் இருமினாள். காற்றழுத்த அலாரம் அடித்தது. நான் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன். பேட்டரி முழுதாக இருந்தது. மின்சாரம் போய்விட்டதென்று இரண்டாவது அலாரம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அடிக்கவில்லை. முதல் அலாரமும் ஓய்ந்தது. திரையில் மூச்சைக் காட்டும் கோடு அப்படியே நின்றது.

"அலாரம் நின்னுடுச்சா சார்?" என்று தடுப்புக்கு அப்பாலிருந்து நர்ஸ் கேட்டார்.

"நின்னுடுச்சு," என்றேன்.

உறைந்த இயந்திரத்தை அவசரப்பட்டுத் திரும்ப இயக்கக் கூடாது. எங்கள் தொழிலில் அது முதல் பாடம். இயக்கினால் தடயம் அழிந்துவிடும். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். கேபிள் சரியாகப் பொருந்தவில்லை, எரிச்சலாக வந்தது. அவள் வேறு என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். "ஒரு நிமிஷம்மா," என்றேன். அவள் விட்ட பிறகு வேலை சுலபமாயிற்று. எல்லாவற்றையும் சேமித்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டேன்.

நான் சொன்ன அதே இடத்தில்தான் வழிந்திருந்தது. திரும்பி வந்த மச்சானிடம் லேப்டாப்பை நீட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்படி எதையும் காதில் வாங்காத மனிதரோடு எப்படி ஐயா வேலை செய்வது?