மாமியார் வரிசையில் நிற்பதில்லை

— பொய் சொன்னியா? நீ? கமிட்டி முன்னாடி?

— வேற வழி தெரியல, அத்தை.

— ஒரு பாஸ்டர் பேசற பேச்சா இது? என்ன சொன்ன? திரும்பச் சொல்லு.

— மாமியாருக்கு முட்டி வலி, வரிசையில வந்து முழங்கால் போட முடியல, அதனால அவங்களுக்கு வீட்டுல நானே அப்பமும் திராட்சை ரசமும் கொண்டு வந்து திருவிருந்து குடுக்கறேன்னு சொன்னேன்.

— என் முட்டிக்கு என்ன கேடு? காலையிலகூட துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறிட்டு வந்தேன்.

— எனக்குத் தெரியும். சபைக்கும் தெரியும். அதான் செயலாளர் இப்ப கிளம்பி வரார். உங்ககிட்டயே நேர்ல கேக்கணுமாம்.

— இந்தா பாரு, அம்மாடி. பொய் என் வாயில வராது. வந்தாலும் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்.

— நாளைக்கு ஓட்டு, அத்தை. என்னை இந்தச் சபையிலேயே நிரந்தரமா வச்சுக்கறதா, மூட்டை கட்டச் சொல்றதான்னு. எனக்கு எதிரா அவங்க கையில இருக்கறது நீங்க மட்டும்தான். சொந்த மாமியாரே இவ கையால வாங்கறதில்ல, நாங்க மட்டும் ஏன் வாங்கணும்னு கேக்கறாங்க.

— அப்படியா பேசறாங்க?

— வாய்விட்டே பேசறாங்க. பிரசங்கத்தைக் குறை சொல்லல. எந்த வீட்டுல சாவு விழுந்தாலும் முதல் ஆளா ஓடறேன், அதையும் குறை சொல்லல. கல்யாணம்னா மட்டும், ஆம்பளைப் பாஸ்டர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துக்கறோம், போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு சொல்வாங்க. போகட்டும்னு சிரிச்சுக்கிட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை அப்பத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறேன் பாருங்க, எல்லாரும் எழுந்து வராங்க, முதல் பெஞ்சுல நீங்க மட்டும் அசையாம உட்கார்ந்திருக்கீங்க. சபை மொத்தமும் உங்களைத்தான் பாக்குது.

— தண்ணி குடி.

— தண்ணி வேணாம். காரணத்தைச் சொல்லுங்க. மாமா பாஸ்டரா நின்ன பீடத்துல ஒரு பொம்பளை நிக்கறது உங்களுக்குப் பிடிக்கல. அதானே?

— உளறாத. உன்னைப் படிக்க அனுப்பச் சொல்லி என் பிள்ளையோட மல்லுக்கு நின்னது யாரு?

— நீங்கதான். அதான் எனக்குப் புரியவே இல்ல. குருப்பட்டம் குடுத்த அன்னிக்கு என் அங்கியை நீங்கதான் தேய்ச்சுக் குடுத்தீங்க. எல்லாரையும் விட அதிகமா அழுதீங்க. அடுத்த வாரமே பெஞ்சை விட்டு எழுந்திரிக்கல.

— போன வாரம் திருவிருந்துப் பாத்திரத்தை ஆசீர்வதிக்கும்போது ரெண்டு வரி விட்டுட்ட.

— பேச்சை மாத்தாதீங்க. ஒரு நிமிஷம்... அது எப்படி உங்களுக்குத் தெரியும்?

— எப்படித் தெரியாம இருக்கும்? உன் மாமா சொல்லும்போது கூடவே உதட்டுக்குள்ள சொல்லிக்கிட்டிருப்பேன். ஆயுசு பூரா. அவர் காய்ச்சல்ல படுத்தா வேற ஊர்லேர்ந்து யாரையாவது வரவழைப்பாங்க. வந்தவருக்கு நான் காப்பி போட்டுக் குடுப்பேன். உனக்கு வருமான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. பொம்பளைக்குக் கிடையாதுன்னு இருந்தவரைக்கும் என் மனசு சும்மா கிடந்தது. நீ போய் அங்க நின்ன பாரு, அன்னிக்கு முழிச்சுக்கிச்சு.

— அத்தை...

— வரிசையில வந்து கை நீட்டினா, குடுக்கறதை வாங்கிக்கணும்னு தோணணும். எனக்கு உன் கையிலேர்ந்து பிடுங்கணும்னு தோணுது. அந்த மனசோட எப்படி வந்து நிக்கறது? பொறாமைதான். வேற பேரு வைக்க முடியாது.

— நீங்க என்னை வெறுக்கறீங்கன்னு நினைச்சேன்.

— அதுவும் கொஞ்சம் உண்டு.

— நல்லா இருக்கு! சரி, எழுந்திரிங்க. நோயாளிங்களுக்குக் கொண்டு போற பெட்டி மேசை மேலேயே இருக்கு. அப்பம் இருக்கு, ரசம் இருக்கு, சின்னப் பாத்திரமும் இருக்கு. நீங்க ஆசீர்வதிங்க. நான் வாங்கிக்கறேன்.

— பைத்தியமா உனக்கு? பட்டம் இல்லாதவ செய்யலாமா? வெளிய தெரிஞ்சா உன் அங்கியை உருவிடுவாங்க.

— யாருக்குத் தெரியப் போகுது? சமையலறையில நாம ரெண்டு பேர்தானே.

— தப்பும்மா.

— தப்புதான். எனக்கு மட்டும் தெரியாதா? ஆனா ஊருக்கே நான் குடுக்கறேன், அத்தை. எனக்குக் குடுக்க ஆள் இல்ல. ரெண்டு வருஷமா என் கையாலேயே எடுத்து என் வாயில போட்டுக்கறேன். ஒரு தடவை யாராவது குடுத்தா வாங்கிக்கணும்னு இருக்கு.

— இரு. கை கழுவிட்டு வரேன்.

— மெதுவா வாங்க. நான் முழங்கால் போட்டுக்கறேன்.

— கண்ணை மூடிக்கோ. என்னைப் பாக்காத. பாத்தா எனக்கு வராது.

— மூடிட்டேன்.

— ...ஆமென்.

— ஆமென். ஒரு வரிகூட விடல, அத்தை.

— பேசாத. பாத்திரத்தைத் துடைச்சுப் பெட்டியில வை.

— பெல் அடிக்குது. அவர்தான். அத்தை, உங்க காலைப் பிடிக்கறேன், முட்டி வலின்னு மட்டும் சொல்லிடுங்க. இந்த ஒரு தடவை.

— போய்க் கதவைத் திற.

— வணக்கம், பாஸ்டரம்மா. தப்பா நினைக்காதீங்க, அதாவது, நேரம் கெட்ட நேரத்துல வந்துட்டேன்.

— எந்தப் பாஸ்டரம்மாவுக்கு வணக்கம், தம்பி? இப்பல்லாம் கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்பறோம்.

— உங்களுக்குத்தான், பெரியவங்களுக்கு. அதாவது, இதைக் கேக்க எனக்கே சங்கடமா இருக்கு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், நாளைக்கு ஓட்டை நான் பாத்துக்கறேன். மருமக கையால வீட்டுல திருவிருந்து வாங்கறீங்களா?

— அத்தைக்கு முட்டி ரொம்ப...

— நீ சும்மா இரு, அம்மாடி. என் முட்டி நல்லாத்தான் இருக்கு, தம்பி. இவ கையால நான் ஒரு தடவைகூட வாங்கினதில்ல. இப்பதான், நீங்க பெல் அடிக்கறதுக்கு முன்னாடி, இவ என் கையால வாங்கினா.