உத்தரம் ஏற்றும் நாள் சோறு

சோற்றில் நான் குழம்பை அதிகம் ஊற்றிக்கொள்வதில்லை. ரசத்துக்கும் மோருக்கும் இடம் வைப்பேன். சாப்பாட்டிலும் சரி, கடன் கொடுப்பதிலும் சரி, எனக்கு அவசரம் கிடையாது இன்ஸ்பெக்டர் ஐயா. கமலவேணி கொடுத்த மனுவில் இது இருக்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீடு கட்டக் கேட்பவர் கையில் நான் மொத்தப் பணத்தையும் கொடுப்பதில்லை. கொடுத்தால் பாதி கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் போகும், மீதி குதிரைப் பந்தயத்துக்குப் போகும், செங்கல்லுக்கு வாழ்த்துதான் மிஞ்சும். அஸ்திவாரம் முடிந்தால் ஒரு பங்கு, சுவர் எழுந்தால் ஒரு பங்கு, உத்தரம் ஏறும் நாளில் ஒன்று, பூச்சு முடிந்தபின் கடைசி. ஒவ்வொரு தடவையும் நானே போய்த் தட்டிப் பார்ப்பேன். வேலை மூன்று மாதம் நின்றுபோனால் மனையும் அதில் எழும்பியதும் எனக்கு. பத்திரத்தை வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன்.

மலாக்காக் கடைத்தெருவில் என் அப்பா துணி விற்றார். பேரம் படிந்ததும் வாங்கியவரோடு ஒரு தேநீர் குடித்த பிறகே பணத்தைத் தொடுவார். நான் அதைச் சோறாக்கிக்கொண்டேன். உத்தரம் ஏறும் நாளில் மனையிலேயே சமைத்துத் தச்சர்களுக்குப் போட வேண்டும். கடைசி இலை என்னுடையது. நான் கை கழுவிய பிறகு மூன்றாம் பங்கு.

கமலவேணியின் கணவர் சிவசாமி லாரி ஓட்டினார். கோலா சுங்கை பாரு போகும் சாலையில் அவருடைய மனை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் அங்கே போக முள்வேலி கேட்டைத் தாண்ட வேண்டும். கேட்டுக்கு அப்பால் ஒரு பிடி அரிசி போகக்கூடாது. போனால், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் என்று பிடித்துவிடுவார்கள்.

இருவரும் என் கடைக்கு வந்தார்கள்.

"அண்ணே, சாப்பாட்ட டவுன்ல நம்ம வீட்டுல வச்சுக்கலாமா? கேட்டுல விடமாட்டானுங்க லா" என்றார் சிவசாமி.

"டவுன்ல சாப்பிட்டுட்டு அங்க உத்தரம் ஏத்துறதா? வழக்கம்னு ஒன்னு இருக்குல்ல."

"வாங்கண்ணே, ஒங்களுக்கு ஒரு எல போடுறேன், ஒங்க வழக்கத்துக்கு ஒரு எல போடுறேன்" என்றாள் கமலவேணி.

நல்ல பேச்சு. சிரித்தேன். இறங்கி வரவில்லை. பழைய கூலி வராமல் உத்தரத்தில் கை வைக்க மாட்டோம் என்று தச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் பணம் வராவிட்டால் வேலை நிற்கும். நின்றால் பத்திரம் பேசும். அது சிவசாமிக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை அவர் சுண்ணாம்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். அங்கே காவலில் இருந்த போலீஸ் சார்ஜன் மூன்றாவது மூட்டையைக் கிழித்தார். உள்ளே எட்டுப் பேர் சாப்பிடும் அரிசி. ஏழு மாதம் தடுப்புக் காவல், பிறகு நாடு கடத்தி நாகப்பட்டினத்துக்குக் கப்பல். கரை சேருமுன் காய்ச்சலில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் மூன்று மாதம் முடிந்து மனை என் பெயருக்கு வந்திருந்தது. அந்தச் சாலையில் பஸ் விடப்போகிறார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். வியாபாரத்தில் அதுவும் ஒரு சரக்கு.

சுண்ணாம்பு யாருடைய யோசனை என்று கேட்டீர்கள். என்னுடையது. தூள் கண்ணில் பறக்கும், அந்த மூட்டையை யாரும் குத்திப் பார்ப்பதில்லை என்று சொன்னேன். பொய்யில்லை, யாரும் குத்துவதில்லை. அதனால்தான் அன்று விடியுமுன்பே கேட்டுக்குப் போய்ச் சார்ஜனிடம் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனையாவது மூட்டை என்பதைச் சிவசாமியே என்னிடம் சொல்லியிருந்தார். என்னை நம்பினார், நல்ல மனிதர்.

பிறகு உத்தரத்தை நான் ஏற்றினேன். மனையிலேயே சமைத்தோம். அரிசிக்கு அனுமதிச் சீட்டு கேட்டு எழுதிப் போட்டால் இரண்டு நாளில் கொடுத்துவிடுகிறார்கள் ஐயா. எனக்கு அது அப்போதே தெரியும். சிவசாமி கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

தச்சர்கள் சாப்பிட்டு எழுந்ததும் எனக்கு இலை போட்டார்கள். பக்கத்தில் இன்னொரு இலை போட்டு, சிவசாமிக்கு என்று சோறு வைக்கச் சொன்னேன். குழம்பைத் தாராளமாகவே ஊற்றச் சொன்னேன். வழக்கத்தில் நான் யாருக்கும் குறை வைத்தவனில்லை.